17 நாள் வங்கியும் 9 ஆண்டு வங்கியும்

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. அதே நாளில், அதன் இடத்தில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று தானே ஒரு வங்கியை உருவாக்கியது. மூன்று நாளில் அதை ஓரம்கட்டிவிட்டு இன்னொரு வங்கியை உருவாக்கியது. மார்ச் 27, திங்கட்கிழமை அந்த இரண்டாவது வங்கியும் ஒரு தனியார் வங்கியின் கைக்குப் போய்விட்டது. மொத்தம் 17 நாள்.

பணக்காரர்களின் வங்கி எப்படிப் போனால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கு அதில் பாடம் இருக்கிறது. சாமானிய மக்களின் பணம் போகும்போதெல்லாம் “சட்டத்தில் இடமில்லை, கஜானாவில் நிதியில்லை, அவகாசமில்லை” என்று சொல்லும் அரசுகள், மனது வைத்தால் ஒரு வார இறுதிக்குள் என்னென்ன செய்ய முடியும் என்பதை அந்த 17 நாள்கள் காட்டின. அதே நாட்டில், அதே தலைநகரில், 149 ஆண்டுகளுக்கு முன் வேறொரு வங்கி மூழ்கியது. அதில் பணம் போட்டிருந்தவர்கள் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கருப்பின மக்கள். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரே நாளில் 4,200 கோடி டாலர்

சிலிக்கான் வேலி வங்கி 1983-ல் தொடங்கியது. தொழில்நுட்ப ஸ்டார்ட்அப் நிறுவனங்களும் அவற்றுக்கு முதல் போடும் முதலீட்டு நிறுவனங்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள். 2022 முடிவில் அதன் சொத்து மதிப்பு சுமார் 20,900 கோடி டாலர். வைப்புத்தொகை சுமார் 17,500 கோடி டாலர்.

கொரோனா காலத்தில் இந்த நிறுவனங்களிடம் பணம் குவிந்தது. வந்த பணத்தை வங்கி நீண்டகால அரசுப் பத்திரங்களிலும் வீட்டுக்கடன் பத்திரங்களிலும் போட்டது. அப்போது வட்டி விகிதம் ஏறக்குறைய பூஜ்யம். 2022 மார்ச்சில் தொடங்கி அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை மளமளவென்று ஏற்றியது. வட்டி ஏறினால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரங்களின் சந்தை விலை இறங்கும். முதிர்வு வரை காத்திருந்தால் முழுப் பணமும் வரும். அவசரத்துக்கு இப்போதே விற்றால் நட்டம். வங்கிக்கு அந்த அவசரம் வந்தது.

2023 மார்ச் 8 அன்று, 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்றும், புதிதாக 225 கோடி டாலர் மூலதனம் திரட்டப் போவதாகவும் வங்கி அறிவித்தது. சில முதலீட்டு நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய கம்பெனிகளிடம் பணத்தை எடுத்துவிடச் சொல்லின. மார்ச் 9 ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் இன்னும் 10,000 கோடி டாலர் கேட்டு வரிசை காத்திருந்தது. வங்கி வாசலில் யாரும் நிற்கவில்லை. எல்லாம் கைபேசியிலும் கணினியிலும் நடந்தது. மார்ச் 10 காலையில் கலிபோர்னியா மாநிலக் கட்டுப்பாட்டுத் துறை வங்கியை மூடியது.

வெள்ளிக்கிழமை வங்கி

மூடிய வங்கியைக் கையில் எடுத்துக்கொண்டது எஃப்.டி.ஐ.சி. என்ற வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம். 1930-களின் தொடக்கத்தில் சுமார் 9,000 வங்கிகள் திவாலான பிறகு, 1933-ல் உருவான அரசு அமைப்பு இது. 1934 தொடக்கத்தில் ஒருவருக்கு 2,500 டாலர் வரை இது உத்தரவாதம் தந்தது. 2008-லிருந்து அந்த வரம்பு 2,50,000 டாலர்.

இந்தக் கழகம் அன்றே “சாண்டா கிளாரா வைப்புத்தொகைக் காப்பீட்டு தேசிய வங்கி” என்ற அரசு வங்கியை உருவாக்கியது. கடன் தருவதோ தொழில் செய்வதோ அதன் வேலை அல்ல. மூழ்கிய வங்கியில் காப்பீட்டு வரம்புக்கு உட்பட்ட பணம் எவ்வளவோ அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, உரியவர்களிடம் சேர்ப்பதுதான் வேலை. வரம்புக்குள் இருப்பவர்களுக்குத் திங்கட்கிழமை காலைக்குள் முழுப் பணம். வரம்புக்கு மேல் உள்ளதற்கு ஒரு வாரத்துக்குள் ஒரு பங்கு முன்பணம். மீதிக்கு ஒரு சான்றிதழ். பழைய வங்கியின் சொத்துகளை விற்று என்ன தேறுகிறதோ அதற்கேற்ப அந்தச் சான்றிதழுக்குப் பணம் வரும். இதுதான் வெள்ளிக்கிழமை அறிவிப்பு.

இது புதிய ஏற்பாடு அல்ல. 1982 ஜூலையில் ஓக்லஹோமாவில் பென் ஸ்கொயர் வங்கி விழுந்தபோதும் இதே வகை வங்கி ஒன்றைத்தான் வைத்தார்கள். வரம்புக்கு மேல் பணம் போட்டிருந்தவர்கள் சான்றிதழோடு காத்திருந்து நட்டப்பட்டார்கள். தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் கடன் சங்கங்கள் பலவும் அதில் இருந்தன.

சிலிக்கான் வேலி வங்கியில் சிக்கல் என்னவென்றால், அதன் வைப்புத்தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டு வரம்பைத் தாண்டியது. முதல் பத்து வைப்பாளர்கள் மட்டும் சேர்ந்து 1,330 கோடி டாலர் வைத்திருந்தார்கள் என்று பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் கழகத்தின் தலைவரே சொன்னார். வெள்ளிக்கிழமை எழுதப்பட்ட விதி, சிறுசேமிப்புக்காரனுக்கு எழுதப்பட்ட விதி. அது இப்போது பெருமுதலாளிகளின் தலையில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை முடிவு

இரண்டு நாள் சத்தம் நடந்தது. அரசு தலையிடக் கூடாது என்று காலமெல்லாம் பேசிவந்த முதலீட்டாளர்கள் பலர் அரசு தலையிட வேண்டும் என்று பேசினார்கள். மார்ச் 12, ஞாயிறு மாலை கருவூலத் துறை, ஃபெடரல் ரிசர்வ், காப்பீட்டுக் கழகம் மூன்றும் கூட்டாக அறிவித்தன: எல்லா வைப்பாளர்களுக்கும் முழுப் பணமும் திங்கட்கிழமை கிடைக்கும். வரம்பு என்ற பேச்சே இல்லை. நிதி அமைப்பு முழுவதற்கும் ஆபத்து என்றால் விதியைத் தளர்த்தலாம் என்ற விதிவிலக்கு சட்டத்தில் இருந்தது. அதை எடுத்தார்கள். அன்றே மூடப்பட்ட நியூயார்க்கின் சிக்னேச்சர் வங்கிக்கும் அதே சலுகை.

அத்தோடு நிற்கவில்லை. மற்ற வங்கிகளுக்கும் இதே நிலை வரக்கூடாது என்று, சந்தையில் விலை இறங்கிப்போன பத்திரங்களை முகமதிப்புக்கே ஈடாக வாங்கிக்கொண்டு கடன் தரும் திட்டத்தை ஃபெடரல் ரிசர்வ் அறிவித்தது. 70 ரூபாய்க்குப் போகும் நகையைக் கொண்டுபோனால், அதை வாங்கிய 100 ரூபாய் விலைக்கே அடகு பிடிக்கும் கடை உண்டா? ஏழைக்கு இல்லை. வங்கிக்கு உண்டு.

மார்ச் 13 அன்று வெள்ளிக்கிழமை வங்கி ஒதுக்கப்பட்டது. “சிலிக்கான் வேலி பிரிட்ஜ் வங்கி” வந்தது. பழைய வங்கிக்கும் அடுத்து வாங்கப் போகிறவருக்கும் இடையில் பாலமாக நிற்பது என்பது பெயரிலேயே இருக்கிறது. 1987-ல் வந்த சட்டம் தந்த அதிகாரம் அது. முழுவதும் அரசுக் கழகத்தின் கட்டுப்பாடு. தலைமைக்கு ஆளை நியமித்ததும் கழகமே. ஏறக்குறைய எல்லாச் சொத்துகளும் எல்லா வைப்புத்தொகையும் இதற்கு மாறின. காசோலைகள் செல்லுபடியாயின, சம்பளங்கள் போயின.

மார்ச் 26 அன்று வட கரோலினாவின் ஃபர்ஸ்ட் சிட்டிசன்ஸ் வங்கி, பாலமாக இருந்த வங்கியின் வைப்புத்தொகையையும் கடன்களையும் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. சுமார் 7,200 கோடி டாலர் மதிப்புச் சொத்தை 1,650 கோடி டாலர் தள்ளுபடியில் வாங்கியது. சுமார் 9,000 கோடி டாலர் மதிப்பிலான பத்திரங்களும் பிற சொத்துகளும் அரசுக் கழகத்திடமே தங்கிவிட்டன. நல்ல தொழில் தனியாருக்கு. விற்கக் கடினமானது அரசு அமைப்புக்கு.

கழகத்துக்கு ஆன இழப்பு சுமார் 2,000 கோடி டாலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். இதில் நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. பழைய வங்கியின் பங்குதாரர்களைக் காப்பாற்றவில்லை. அவர்கள் முதல் போயிற்று. மேல் நிர்வாகத்தை வெளியேற்றினார்கள். வரம்புக்கு மேல் பணம் கொடுத்ததால் ஏற்பட்ட சுமையை, சிறப்புக் கட்டணமாகப் பெரிய வங்கிகளிடம் வசூலிக்க விதி செய்தார்கள். அந்தக் கணக்குகளில் பெருமுதலாளிகளின் பணம் மட்டும் இல்லை. மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த ஊழியர்களின் கூலியும் இருந்தது. ஆகவே “ஏன் காப்பாற்றினாய்?” என்பது நம் கேள்வி அல்ல. நம் கேள்வி வேறு. அதற்கு 1865-க்குப் போக வேண்டும்.

விடுதலை பெற்றவர்களின் வங்கி

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கான சேமிப்பு வங்கி உருவானது. ஃப்ரீட்மன்ஸ் வங்கி என்று வரலாறு அதைச் சொல்கிறது. வடக்குப் படையில் போரிட்ட கருப்பினச் சிப்பாய்களின் சம்பளத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய ராணுவச் சேமிப்பு வங்கிகள்தான் இதன் முன்னோடி.

ஐந்து சென்ட் இருந்தாலும் கணக்கு தொடங்கலாம். துணி வெளுப்பவர், சமையல் செய்பவர், குத்தகைக்குப் பயிரிடுபவர், தேவாலயம், சங்கம் என்று எல்லோரும் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக, தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாதிருந்த ஒரு மனிதர், தன் பெயரில் ஒரு பாஸ்புக் வைத்திருந்தார். சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை மனு தர்மத்தால் மறுக்கப்பட்டிருந்த நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாஸ்புக்கின் எடை புரியும். 17 மாநிலங்களிலும் தலைநகரிலும் 37 கிளைகள் வரை வங்கி வளர்ந்தது.

இங்கே ஒரு பொய் நம்பிக்கை ஊட்டப்பட்டது. பாஸ்புக்கில் லிங்கன் படம். விளம்பரங்களில் தேசியக் கொடி, படைத்தளபதிகள். அரசே பொறுப்பு என்று முகவர்கள் சொன்னார்கள். ஆனால் சட்டப்படி அது அரசு வங்கி அல்ல. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், உருவாக்கிய தனியார் அறக்கட்டளை போன்றது. அறங்காவலர்களாகத் தொடக்கத்தில் அமர்ந்தவர்கள் வெள்ளையர்கள்.

முதல் சட்டத்தின்படி பணத்தின் பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களில்தான் வைக்க வேண்டும். 1870-ல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை ஈடாக வைத்துக் கடன் தர அனுமதித்தது. வங்கியின் நிதிக் குழுவுக்குத் தலைவர் ஹென்றி குக். அவருடைய அண்ணன் ஜே குக் அன்றைய அமெரிக்காவின் பெரிய நிதி முதலாளி. வங்கியின் பணம் அறங்காவலர்களுக்கு வேண்டியவர்களின் தொழில்களுக்கும், தேறாத ஈடுகளுக்கும் போனது. ஹென்றி குக்குக்குத் தொடர்புள்ள செனகா மணற்கல் கம்பெனி அதில் ஒன்று. பணம் போட்டவர்கள் கருப்பின மக்கள். கடன் வாங்கிப் போனவர்களில் பெரும்புள்ளிகள் வெள்ளையர்கள்.

1873 செப்டம்பரில் ஜே குக்கின் நிறுவனம் திவாலானது. நாடெங்கும் நிதி நெருக்கடி. ஃப்ரீட்மன்ஸ் வங்கியிலும் பணம் எடுக்கக் கூட்டம் சேர்ந்தது. 1874 மார்ச்சில், மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குக் கேப்டனாக ஃபிரடெரிக் டக்ளஸைக் கொண்டுவந்தார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி, அடிமை ஒழிப்புப் போரின் குரலாக நின்றவர். நிலைமை தெரியாமல் பொறுப்பேற்றவர், தன் சொந்தப் பணம் 10,000 டாலரை வங்கிக்குக் கொடுத்தார். கணக்கைப் பார்க்கப் பார்க்க உண்மை புரிந்தது. காங்கிரஸிடம் போய்ச் சொன்னார். 1874 ஜூன் 29 அன்று வங்கி மூடப்பட்டது.

செல்வாக்குள்ளவர்கள் சூறையாடிய வங்கியின் கடைசி நாளில் பெயர்ப்பலகையில் இருந்தது ஒரு கருப்பின மனிதரின் பெயர். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? கஜானா காலியான பிறகு தனித்தொகுதித் தலைவரிடம் சாவியைக் கொடுக்கும் ஊராட்சிகளை நாம் பார்த்ததில்லையா?

காத்திருந்தவர்கள்

அன்று வங்கி 61,144 பேருக்குச் சுமார் 30 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. சராசரியாக ஆளுக்கு 49 டாலர். இவர்களுக்காக அரசு வேறு வங்கி எதையும் உருவாக்கவில்லை. மூன்று ஆணையர்களை நியமித்தார்கள். சொத்துகளை விற்று, 1875-லிருந்து 1883 வரை கொஞ்சம் கொஞ்சமாக, கோரிக்கையை நிரூபித்தவர்களுக்கு மொத்தம் 62 சதவீதம் கொடுத்தார்கள். ஊர் மாறிப்போனவர்கள், பாஸ்புக்கைத் தொலைத்தவர்கள், இறந்துபோனவர்கள், விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் எதுவும் பெறவில்லை. மீதியை அரசே தர வேண்டும் என்று 1886-ல் அதிபர் கிளீவ்லாந்து காங்கிரஸுக்குப் பரிந்துரைத்தார். காங்கிரஸ் அதைச் சட்டமாக்கவில்லை.

ஒரு நியாயமான மறுப்பு எழலாம். 1874-ல் வைப்புத்தொகைக் காப்பீடு என்ற ஏற்பாடே இல்லை. வெள்ளையர்களின் வங்கிகள் விழுந்தபோதும் பணம் போனது. 2023-ஐ அதோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். ஃப்ரீட்மன்ஸ் வங்கியை உருவாக்கியது காங்கிரஸ். பணத்தைப் பாதுகாப்பான பத்திரங்களிலிருந்து எடுக்கக் கதவைத் திறந்துவிட்டதும் காங்கிரஸ். அரசின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டபோது அரசு வாய் மூடி இருந்தது. பிறகு “அது நம் வங்கி அல்ல” என்று சட்டத்தின் எழுத்தைக் காட்டியது. 2023-லோ, வரம்பு 2,50,000 டாலர் என்று சட்டத்தின் எழுத்து தெளிவாக இருந்தது. அங்கே எழுத்தைக் காட்டவில்லை. விதிவிலக்கைத் தேடி எடுத்தார்கள். ஒரே அரசு, ஓரிடத்தில் எழுத்தைப் பிடித்துக்கொண்டது, இன்னோரிடத்தில் அதைத் தாண்டியது. வேறுபாடு சட்டத்தில் இல்லை. யாருடைய இழப்பு “நாட்டுக்கே ஆபத்து” என்று எண்ணப்படுகிறது என்பதில் இருக்கிறது. 10 வைப்பாளர்களின் 1,330 கோடி டாலர் போனால் அது நிதி அமைப்பின் நெருக்கடி. 61,144 பேரின் 49 டாலர் போனால் அது அவரவர் விதி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கருப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸ், 1903-ல் வந்த தன் நூலில் ஃப்ரீட்மன்ஸ் வங்கியைப் பற்றி எழுதினார். போனது பணம் மட்டுமல்ல, உழைத்துச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையும்தான் என்பது அவர் கருத்து. அந்த டுபாய்ஸுக்குத்தான் 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கருப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையிடம் தந்த மனுவின் படியைக் கேட்டார். நம் நிலையும் அவர்கள் நிலையும் ஒத்திருப்பதை அவர் அறிந்திருந்தார். அவர் பொருளாதாரம் படித்தவர். 1923-ல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் எழுதியவர். பணம், வங்கி, நாணயம் எல்லாம் மேல்சாதிக்காரர்களின் பாடம் என்று அவர் ஒதுங்கவில்லை. நாமும் ஒதுங்கக் கூடாது.

இங்கேயும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி முடங்கியபோது, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 2022 ஜனவரியில்தான் அது வேறு வங்கியோடு இணைந்தது. அப்போதும் 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு மீதி பத்து ஆண்டு வரை தவணையாக. 2020 மார்ச் 5 அன்று பெரிய தனியார் வங்கியான யெஸ் வங்கி முடங்கியது. பாரத ஸ்டேட் வங்கியைக் கொண்டு முதல் போடவைத்து, மார்ச் 18-லேயே கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஒன்றுக்கு 13 நாள். மற்றொன்றுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல்.

ஆகவே, “முடியாது” என்று ஓர் அதிகாரி சொல்லும்போது நாம் உடனே நம்பிவிட வேண்டாம். முடியுமா என்பதை வேறு யாருக்காவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். செய்திருந்தால் அந்த ஆணையை, அந்தத் தேதியை, அந்தச் சட்டப்பிரிவை எடுத்து மேசையில் வையுங்கள். உதவித்தொகை நிலுவையோ, பஞ்சமி நிலமோ, கூட்டுறவுச் சங்கத்தில் மாட்டிய கூலிப் பணமோ எதுவானாலும் இதுதான் வழி. விதிவிலக்கு ஒருவருக்கு இருந்தால் அது உரிமையாக எல்லோருக்கும் வர வேண்டும். மனுவில் எழுத வேண்டிய வரி அதுதான்.

கடைசியாக ஒரு செய்தி. வாஷிங்டனில் அமெரிக்கக் கருவூலத் துறையின் தலைமைக் கட்டடத்துக்கு எதிரே அதன் இணைப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் தலைமையகம் இருந்த மனை அது. 2016 ஜனவரியில் அந்தக் கட்டடத்துக்கு ஃப்ரீட்மன்ஸ் வங்கிக் கட்டடம் என்று பெயர் சூட்டினார்கள். ஏழு ஆண்டு கழித்து, எல்லாப் பணமும் திங்கட்கிழமை கிடைக்கும் என்று அறிவித்தது அதே கருவூலத் துறை. 61,144 பேருக்கு அந்த மனையில் ஒரு பெயர்ப்பலகை கிடைத்திருக்கிறது. மீதி 38 சதவீதம் இன்னும் பாக்கி.